கணுக்காலில் ஏறிய ஓடை

மேல்பிரிவு லயம்,
தெரணியகலை.
09.02.2025

அன்பு மருமகள் விஜயகலாவுக்கு,

மாமன் காத்தமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாமி வெள்ளையம்மா, இரண்டு ஆடுகள் எல்லோரும் சுகம். கொழும்பில் நீயும், நீ நர்ஸ் வேலை பார்ப்பதால் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஆஸ்பத்திரியும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேசலாமே என்று கேட்பாய். சிக்னல் கிடைக்கும் பாறையில் எப்போதும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு வார்த்தை சொன்னால் மூன்று லயத்து வீடுகளுக்கும் செய்தி போய்விடும். அதனால் கடிதம். நீயும் எழுது. தோட்ட ஆபிசில் கிளாக்கர் ஐயாவுக்கு அடுத்த வீட்டுக் கடிதம் என்றால் உயிர். நன்றாக ஒட்டி அனுப்பு.

உனக்கும் கேகாலைக் கடைக்கார நடராஜா மகன் பிரதாப்புக்கும் ஆவணியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டதும் தோட்டமே எழுந்து நின்றது. துரை என்னைக் கூப்பிட்டு, "காத்தமுத்து, அன்னைக்குத் தோட்டத்துக்கு லீவு விடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் சார், நாட்டுக்கு நட்டம் என்று நான்தான் தடுத்தேன்.

ஆனால் கண்ணு, மாமனால் வர முடியாது. கோவில் கமிட்டி, அது போக துரைக்கு ஆலோசனை. வேலையிலிருந்து நின்று மூன்று வருடமாகியும் விடமாட்டேன் என்கிறார். உன் நெற்றியில் பட்டம் கட்டி, கைபிடித்து மேடைக்குக் கூட்டிவந்து, தாலி ஏறும்வரை பக்கத்தில் உட்காருவதற்கு உன் சித்தப்பா மகன் நிரோஷன் இருக்கிறான். நல்ல உயரம், போட்டோவில் எடுப்பாக இருப்பான்.

இங்கே இலை உதிரும் காலம். ரப்பர் மரமெல்லாம் சிவந்து, காற்றே இல்லாமல் ஒவ்வோர் இலையாக இறங்குகிறது. காலையில் பனிக்குள்ளே நடந்தால் காலுக்குக் கீழே தரை இருப்பதே தெரியவில்லை. மிதக்கிறோமா என்று தோன்றும்.

வேறு புதினம்: வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கக்கூஸ் கட்டியிருக்கிறேன். தோட்டத்திலேயே இவ்வளவு கிட்டக் கக்கூஸ் உள்ள வீடு நம் வீடுதான். கதவிலிருந்து எட்டே காலடி. துரை பங்களாவில் கூடப் பதினாறு. இப்போது கறுப்புச் சாரம்தான் உடுத்துகிறேன். அதுதான் நாகரிகமாம்.

உன் அன்பு மாமன்,
சு. காத்தமுத்து


கொழும்பு,
23.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. துரைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

மாமா, நான் இங்கே குடல் நோய் வார்டில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். எட்டுக் காலடி என்று எண்ணி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கறுப்புச் சாரத்துக்கு மாறியவர்களையும் தெரியும். நீங்கள் பஸ் ஏறி இரண்டு வருடமாகிறது. போன பொங்கலுக்கு நான் வந்திருந்தபோது, தண்ணீர்ப் பீலியில் கூட்டம் சேரும் முன்னே மாமி விடியலில் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அடக்க முடியாமல் போகிறதா?

இது ஒரு நோய் மாமா. இடுப்பில் அடிபட்டால், மலத்தை அடக்கி வைக்கச் சொல்லும் நரம்பு பலவீனமாகிவிடும். அதற்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வைத்தியம் தொடங்கியிருக்கிறார்கள். வெட்டில்லை, தையலில்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு நரம்பு ஓடுகிறது. அதுவும் மலத்தை அடக்கும் நரம்பும் முதுகின் அடியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. காலில் மெல்லிய ஊசி வைத்து அரை மணிநேரம் சின்னக் கரன்ட் கொடுத்தால், மேலே மறந்துபோன நரம்புக்கு ஞாபகம் வருகிறது. வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பலருக்குக் குறைகிறது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். தேதி, எத்தனை முறை போனது, எத்தனை முறை அடக்க முடியாமல் போனது, குறிப்பு. இரண்டு வாரம் உள்ளதை உள்ளபடி நிரப்பி அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான். நிரோஷனைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

அன்புடன்,
கலா


தெரணியகலை,
16.03.2025

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மாமி ஏன் சிரிக்கிறீர்கள் என்றாள். உலகத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்றேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு காட்டுப்பன்னியோடு மல்லுக்கட்டியது உனக்குத் தெரியும். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது மாடு அளவு ஒன்று வந்தது. அதன் கொம்பை, அதாவது பல்லை, இந்தக் கையால் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றிப் பள்ளத்தில் வீசினேன். அதில் எனக்கு இடுப்பில் லேசாக ஒரு பிடிப்பு. பன்னிதான் பிழைக்கவில்லை.

ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். பெரிய டாக்டருக்கும் என்னைப் போல ஓர் உடம்பைப் பார்க்கக் கிடைக்காது. அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று தாளை நிரப்பி வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு கனவு கண்டேன். உன் கல்யாண மேடை ஓடைக்கு நடுவில் இருக்கிறது. தண்ணீர் மேடைக்கு அடியில் சத்தமில்லாமல் போகிறது. நான் பட்டுத் துண்டோடு கரையில் நிற்கிறேன். நீ கையை நீட்டுகிறாய். காலை எடுத்து வைக்கப் போனால் கால் கரையிலேயே முளைத்துக் கிடக்கிறது, ரப்பர் மரத்து வேர் மாதிரி. ஆனால் கனவில் நான் இருபது வயதுக்காரன், மீசை பிரமாதம்.

தாளைப் பார்த்துக்கொள்.

உன் மாமன்,
காத்தமுத்து


கொழும்பு,
30.03.2025

மாமா,

தாள் வந்தது. பதினான்கு நாளுக்கும் பூஜ்ஜியம். குறிப்பில் "முதல்தரம்", "ராஜா மாதிரி", "இதற்கு மேல் சிறப்பு இல்லை". ஒரு நாளில் "டாக்டருக்கும் இப்படி அமைய வாழ்த்துகிறேன்".

பெரிய டாக்டர் வாசிக்கச் சொன்னார். நான்தான் சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்து, "இவருக்கு வைத்தியம் எதற்கு, பரிசு கொடுத்து அனுப்பலாம்" என்று தாளைத் திருப்பித் தந்தார். உங்களுக்காக நான் கேட்டு வைத்திருந்த இடத்தை நீர்கொழும்புக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் தாளில் நாளுக்கு மூன்று என்று எழுதியிருந்தார். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை மாமா.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வரைக்கும் வைத்திருப்பார்கள்.

பிரதாப்பிடம் சொல்லிவிட்டேன். மேடையில் தாய்மாமன் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். நீங்கள் வரவில்லை என்றால் அந்தப் பாய் காலியாகவே கிடக்கும். ஊர் பார்க்கட்டும்.

இன்னொரு வெறுந்தாள் வைத்திருக்கிறேன்.

கலா


தெரணியகலை,
13.04.2025

கலா,

நாளை வருடப்பிறப்பு. மாமி பலகாரத்துக்கு மாவு இடிக்கிறாள்.

முதலில் பன்னி. பன்னி இல்லை. மழையில் நனைந்து இலை கிடந்தது. பால் வாளியோடு இறங்கும்போது வழுக்கி, பாறையில் இடுப்புப் பட்டது. முப்பத்திரண்டு வருடம் அந்த மலையில் பால் வெட்டியவன் ஓர் இலையில் வழுக்கினான் என்றால் சிரிப்பார்கள். அதனால் பன்னி.

தாளில் கட்டம் சின்னதாக இருக்கிறது. இங்கேயே எழுதுகிறேன்.

ஏப்ரல் 6. போனது நான்கு. அடக்க முடியாமல் ஒன்று. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன இடத்தில்.

7. ஐந்து. அடக்க முடியாமல் இரண்டு. எட்டுக் காலடி போதவில்லை. ஆறாவதில் நின்றுவிட்டேன்.

8. ஒன்றுமில்லை. முதல் நாள் மத்தியானத்திலிருந்தே சாப்பிடாமல் இருந்தேன்.

9. மூன்று. ஒன்று. இருமும்போது.

10. நான்கு. ஒன்று. கோவில் கமிட்டிக் கூட்டம். பாதியில் எழுந்து வந்தேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று கதவை ஓங்கிச் சாத்தினேன்.

11. மூன்று. ஒன்று.

12. ஐந்து. இரண்டு. ஒன்று தூக்கத்தில்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நிரோஷன் பிள்ளைக்குக் காது குத்து. கேகாலைக்குப் புறப்பட்டேன் அல்லவா. பஸ் கெட்டுப்போய்த் திரும்பி வந்தேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். பஸ் நன்றாகத்தான் இருந்தது. கரவனெல்லைப் பாலத்துக்குக் கிட்டே வரும்போது ஆகிவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஜன்னலைத் திறந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. கண்டக்டர் சின்னப் பையன். கிட்டே வந்து மெதுவாகச் சிங்களத்தில், "மாமே, மெதனின் பஹிமுத?" என்றான். இங்கே இறங்கிக்கொள்ளலாமா என்று, நானே கேட்டது மாதிரி. காசு வாங்கவில்லை. ஆற்றில் இறங்கிக் கழுவிக்கொண்டு நடந்தே வந்தேன். ஐந்து மணிநேரம்.

அதன் பிறகு பஸ் ஏறவில்லை.

மாமி இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் மட்டும், "இன்னைக்கு வெயில் நல்லா இருக்குங்க, சீக்கிரம் காஞ்சிடும்" என்றாள்.

உன் மேடையில் அது நடந்துவிடும் என்று பயம். எனக்கு ஆவது இருக்கட்டும். உன் கூறைப்புடவைக்குப் பக்கத்தில் அல்லவா நான் உட்கார வேண்டும்.

இதை டாக்டருக்கு வாசித்துக் காட்டலாம். பன்னியை விட்டுவிடு.

காத்தமுத்து


தெரணியகலை,
15.06.2025

அன்பும் பண்பும் நிறைந்த மருமகளுக்கு,

அந்தக் கடைசி இடம் எனக்குக் கிடைத்து, வைத்தியத்தில் ஆறு வாரம் முடிந்தது. செவ்வாய்க்கிழமைகளில் நீ வார்டில் அலைவதால் ஊசி வைக்கும் நேரத்தில் உன்னால் பக்கத்தில் இருக்க முடிவதில்லை. அதனால் நடப்பதை நானே எழுதுகிறேன். வரலாறு தவறிவிடக் கூடாது.

மாமியும் நானும் விடியலில் முதல் பஸ். கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைச் சீட்டு எனக்கு. காரணம் கண்டக்டருக்குத் தெரியாது. நான் போலீஸ் உளவாளி என்று நினைத்து மரியாதை தருகிறான். தெஹியோவிட்டையில் ஒரு கக்கூஸ், அவிசாவளையில் ஹுஸைன் நாநாவின் துணிக்கடைக்குப் பின்னால் ஒன்று. முதல் தடவை போனபோது அவர் ஒன்றும் கேட்காமல் சாவியைத் தந்தார். இப்போது நான் வாசலில் ஏறினாலே, "வாங்க காத்தமுத்து அண்ணே, சாவி ஆணியிலே தொங்குது, டீ பிறகு குடிப்போம்" என்கிறார். அந்த ஊரில் எனக்கு இருக்கும் செல்வாக்கு அப்படி.

ஊசி வைப்பவள் மிஸ் நுஸ்கா. கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்கு மூன்று விரல் மேலே, தலைமுடி மாதிரி ஓர் ஊசி. பாதத்தில் ஒரு பட்டை. பெட்டி ரேடியோவை விடச் சின்னது. அவள் திருகியதும் என் பெருவிரல் தானாக மடங்கியது.

"அங்கிள், விரல் மடங்குதா?"

"மடங்குது மிஸ். ஆனா என்னோட உத்தரவு வாங்காம மடங்குது."

"அப்ப சரி, நரம்பு கேக்குது."

பிறகு அரை மணிநேரம் சும்மா சாய்ந்திருக்க வேண்டும். கலா, அந்த அரை மணிநேரத்தை எப்படிச் சொல்வது. முதலில் எறும்பு ஊருகிறது. பிறகு எறும்பு தண்ணீராகிறது. குளிர்ந்த தண்ணீர் கணுக்காலில் ஏறி, முழங்காலில் கொஞ்சம் தேங்கி, தொடை வழியாக மலை ஏறுகிறது. எங்கேயோ கேட்ட தண்ணீர் என்று யோசித்தேன். அப்புறம் பிடிபட்டது. நம் மேல்பிரிவு ஓடையை மறித்து டர்பைன் வைத்துக் கரன்ட் எடுக்கிறார்களே, அந்தக் கரன்ட் கம்பி வழியாகக் கொழும்புக்குத்தானே போகிறது. அதுதான் இந்தப் பெட்டிக்குள் வந்து என் காலைக் கண்டுபிடித்திருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் அந்த ஓடையில் வாளி கழுவியவன் அல்லவா. மறக்குமா?

இதை மிஸ் நுஸ்காவிடம் சொன்னேன். "அங்கிள், இது பேட்டரி" என்றாள். சின்னப் பிள்ளை.

கண்ணை மூடினால் இலை உதிர்கிறது. ஒவ்வோர் இலையும் கீழே வராமல் பாதியில் நின்று, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே போகிறது. மாமி பக்கத்து நாற்காலியில் தூங்கிவிடுகிறாள். அவள் இப்படிப் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. ஊசி எனக்கு, தூக்கம் அவளுக்கு.

தாளில் எழுதுவது வேறு, கடிதத்தில் எழுதுவது வேறு. நீ குழப்பிக்கொள்ளாதே. தாளில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. முதல் நான்கு வாரம் ஒரு மாற்றமும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். போன வாரம் ஆறு. இந்த வாரம் ஐந்து. எழுதும்போது கை கொஞ்சம் ஓடப் பார்த்தது. மாமியை எதிரே உட்கார வைத்துக்கொண்டேன்.

உன் மாமன்,
காத்தமுத்து


கொழும்பு,
03.08.2025

அன்புள்ள மாமா,

பன்னிரண்டாவது வாரத்துத் தாளைப் பெரிய டாக்டர் பார்த்தார். எட்டில் தொடங்கி இப்போது இரண்டு. நல்ல பலன் என்கிறார். பூஜ்ஜியமாகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்க மாட்டேன். மாதம் ஒருமுறை வந்து போனால் இப்படியே நிற்கலாம். பழைய தாளைப் பற்றி விசாரித்தார். அது வேறொரு காத்தமுத்து என்று சொன்னேன்.

பேட்டரிதான் மாமா. ஆனாலும் நீங்கள் ஓடை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கேகாலைக்குப் போய் மண்டபத்தைப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் கழிவறை. உங்கள் பாயிலிருந்து பதினொரு காலடி. இரண்டு தடவை நடந்து பார்த்தேன். மண்டபத்துக்காரர் மணப்பெண் என்ன அளக்கிறாள் என்று விழித்தார். அந்தச் சாவி அன்றைக்குப் பிரதாப்பின் சட்டைப்பையில் இருக்கும். உள்ளே ஆணியில் ஒரு மாற்று வேட்டி தொங்கும். ஐயரிடமும் சொல்லிவிட்டேன், நீங்கள் எழுந்தால் மந்திரம் நிற்கும், உட்கார்ந்தால் தொடரும். காரணம் கேட்டார். எங்கள் வழக்கம் என்றேன்.

என் புடவையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் நர்ஸ்.

கலா


தெரணியகலை,
07.09.2025

அன்பு மருமகள் விஜயகலாவுக்கும் மருமகன் பிரதாப்புக்கும்,

இந்தக் கடிதம் கேகாலையில் உன் புகுந்த வீட்டுக்கு வரும் முதல் கடிதம். பத்திரப்படுத்தி வை.

உன் கல்யாணத்தைப் பற்றி இங்கே மூன்று லயத்துக்கும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்றுக் கணக்குப்படி சனம் நாலாயிரம். மேளக்காரர்கள் இந்தியாவிலிருந்து. நான் பட்டம் கட்டியபோது மண்டபத்தில் ஒரு நிமிடம் கரன்ட் போய், நான் கையை எடுத்ததும் வந்தது. இங்கே வந்திருந்த நிரோஷன் குறுக்கிட்டு, "மாமா, நானூறு பேருக்குத்தான் சாப்பாடு போட்டோம்" என்றான். அவனைப் பேசவிடக் கூடாது.

நான் அழுதேன் என்று மாமி சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஓமப் புகை.

இனி தாள். பெரிய டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றாலும் அந்த நாளை மட்டும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. போனது மூன்று. அடக்க முடியாமல் போனது ஒன்று.

குறிப்பு: மேடையில் ஒன்றுமில்லை. இரண்டு மணிநேரம் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஐயர் தாலியை எடுக்கும்போது வயிறு ஒருமுறை பேசியது. எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். ஐயரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரதாப் தாலியைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். அதைப் பார்த்ததும் வயிறு அடங்கிவிட்டது. பெருவிரல் மட்டும் பாயில் தானாக மடங்கி நின்றது. மிஸ் நுஸ்கா அங்கே இல்லை, ஊசியும் இல்லை.

பந்தியில் பாயசத்துக்குப் பிறகு ஆனது. கொஞ்சம்தான். எழுந்து, திரைக்குப் பின்னால் போய், மாற்று வேட்டி கட்டிக்கொண்டு வந்து அதே இலையில் மோர் குடித்தேன். ஏன் வேட்டியை மாற்றினீர்கள் என்று நடராஜா சம்பந்தி கேட்டார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இரண்டு வேட்டி உடுத்துவான் என்றேன். அவருடைய அடுத்த மகள் கல்யாணத்துக்கும் அப்படியே செய்யப்போகிறாராம்.

இன்னொன்று. நீ பதினொரு காலடி என்று எழுதினாய். எனக்கு ஒன்பதுதான் வந்தது. உன் கால் சின்னது.

மாமி ஊறவைத்த வேட்டியை, நாங்கள் திரும்பி வந்த மறுநாள் காலையில் எல்லோரும் நிற்கும்போதே பீலிக்குக் கொண்டுபோனாள். இது எம்பொண்ணு கல்யாணத்து வேட்டி என்று சொல்லித் துவைத்தாளாம்.

வரும் புதன்கிழமை கேகாலைக்கு வருகிறோம். பலாக்காய் கொண்டுவருகிறேன், துரை கொடுத்தது. சரி, நம் மரத்துக் காய்தான். கதவுப் பக்கத்து ஒற்றைச் சீட்டை மாமிக்குக் கொடுத்துவிட்டு நான் ஜன்னல் ஓரம் உட்காரப்போகிறேன். கரவனெல்லைப் பாலம் வந்ததும் ஜன்னலை நானே திறந்து ஆற்றைப் பார்க்க வேண்டும்.

உன் மாமன்,
சு. காத்தமுத்து